காலிபோக்ரியில் எழும் முள்

பிர்க்கமான் தாமாங் எனக்கு அத்தை மகன். பிறகு என் தங்கை புத்தமாயாவைக் கட்டியதால் மச்சானும் ஆனான். எங்கள் தாமாங் ஜனத்தில் அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கொடுப்பதுதான் முறை. கொடுக்காமல் விட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒரே பையன், சுபின். அவனுக்கு என் அண்ணன் மகள் சிர்ஜனாவைக் கொடுத்தோம். இப்படிப் பெண்கள் போயும் வந்தும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வழி தேய்ந்து கிடந்தது.

வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவன் என்பதால் பிர்க்கமானை ஊரில் சாயிலா என்பார்கள். சாயிலா அண்ணன், சாயிலா மாமா, அவ்வளவுதான். பிர்க்கமான் என்று யாராவது தேடி வந்தால் எங்கள் ஊர் மானேபஞ்சாங் கடைத்தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அவனுடைய லேண்ட்ரோவர் அவன் அப்பா காலத்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டி. சந்தக்பு மலை ஏற்றத்தில் சவாரி ஏற்றி அந்த வண்டிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. சாயிலாவுக்கு அதன்மேல் ஒரு கர்வம் உண்டு. மற்றவர்களின் வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்ப் பொட்டு இருக்கும், அவன் வண்டி நின்ற இடம் சுத்தமாக இருக்கும். யாராவது வண்டியை நகர்த்தினால் இவன் குனிந்து தரையைப் பார்ப்பான். "இது வண்டியா, சளி பிடிச்ச கிழவியா? போற எடமெல்லாம் ஒழுக்கிக்கிட்டே போவுது" என்பான். வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் செங்குத்தான வளைவில் எவன் வண்டியாவது நின்றுபோனால் முதலில் கயிறு எடுத்துக்கொண்டு ஓடுகிறவனும் அவன்தான்.

சுபின் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே புத்தமாயா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வேறு பெண் பார்க்கலாம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அவன் கேட்கவில்லை. தானே சமைத்தான், தானே பையனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தான். பையனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக மட்டும் எனக்கு நினைவில்லை. திட்டுவான், பிறகு தன் தட்டிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்துப் பையன் தட்டில் போடுவான். அந்த வீட்டில் பாசம் அப்படித்தான் பரிமாறப்பட்டது.

சுபின் சிலிகுரியில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கற்றான். கல்யாணம் ஆன வருஷம், மழைக்காலத்தில் காட்டுப் பாதையை மூடியதும் ஊருக்கு வந்தான். அப்போது எல்லாரும் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயிலாவுக்கு மனம் வரவில்லை. பையன், "நானே பிரிச்சு மாட்டித் தரேன்ப்பா, இன்னொரு இருபது வருஷம் ஓடும்" என்றான்.

மழை முழுக்கத் தகரக் கொட்டகையில் அந்த வேலை நடந்தது. பையன் வண்டிக்குக் கீழே படுத்திருப்பான், தகப்பன் மேலே நின்று பேசிக்கொண்டே இருப்பான். நான் போயிருந்த அன்று, சுபின் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரை மாட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய் கசியாமல் இரண்டுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங், அந்தக் காலத்து எஞ்சினுக்கு எங்கேயும் கிடைக்காது. எங்கள் ஆட்கள் பழைய காலண்டர் அட்டையை வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வைப்பார்கள். அது கொஞ்சம் கசியத்தான் செய்யும். சுபின் சிலிகுரியிலிருந்து குழாயில் அடைத்த சிவப்புப் பசை கொண்டுவந்திருந்தான். பிதுக்கிக் கட்டை விரலால் இழுத்துவிட்டால் காய்ந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

"சிலிகுரியில பஞ்சர் ஒட்ட மட்டும் கத்துக்கிட்டியா, இல்ல எஞ்சினும் கத்துக்கிட்டியா?" என்றான் சாயிலா. "ஒரு சொட்டு ஒழுகட்டும், உன் கையை ஒடைக்கறேன்."

"ஒழுகுனா நானே ஒடச்சுத் தரேன்" என்று வண்டிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அவன் இன்னொரு சுற்றுப் பசை போட்டதை நான் பார்த்தேன். அது ஒரு விஷயமாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

எஞ்சின் எடுத்தது. எண்ணெய் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் மீட்டர் ஒன்றை சுபின் ராணுவப் பழைய சாமானிலிருந்து தேடிப் பிடித்து முன்பலகையில் பொருத்தியிருந்தான். அதன் முள் நெட்டுக்குத்தாக நின்றது. தரையில் சொட்டு இல்லை. சாயிலா நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் பன்றி இறைச்சி வாங்கிவந்தான். பையனுக்கு அது போதும்.

அடுத்த வாரமே சுபின் ஏதோ ஒரு சின்ன ஸ்பிரிங் வாங்க நண்பனோடு பைக்கில் பக்கத்து ஊரான சுகியாவுக்குப் போனான். மழையில் சரிவு இறங்கியது. இரண்டு பேரும் அதற்குக் கீழே.

எரித்தோம். ஆனால் எங்களில் எரித்ததோடு காரியம் முடிவதில்லை. செத்தவனை லாமா வழிகாட்டி அனுப்பிவைக்கும் கேவா என்ற சடங்கு உண்டு. அது முடியும்வரை அவன் வீட்டிலேயே இருக்கிறான் என்று கணக்கு. வீட்டில் எது சமைத்தாலும், எது குடித்தாலும் அவனுக்கு ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டும். கேவா முடிந்தபின் பங்கு வைக்கக் கூடாது, அவன் சாமான் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நாற்பத்தொன்பது நாளுக்குள் செய்வது வழக்கம், முடியாதவர்கள் வருஷம் திரும்புவதற்குள் செய்வார்கள். சாயிலா தள்ளிக்கொண்டே போனான். பாதை திறக்கட்டும் என்றான். பிறகு உருளைக்கிழங்கு அறுவடை ஆகட்டும் என்றான். பிறகு லாமாவுக்கே உடம்பு சரியில்லையாம் என்றான். லாமா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

பாதை திறந்தது, வண்டி மலை ஏறியது. கொஞ்ச நாளில் மீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. காலையில் கிளம்பும்போது நெட்டுக்குத்தாக நிற்கும். கைரிபாஸ் தாண்டி ஏற்றம் பிடித்ததும் நடுங்கும், நடுங்கிக்கொண்டே சரியும். அதற்கு மேலே காலிபோக்ரியில் டீக்கு நிறுத்துவான். திரும்ப வண்டியை எடுத்தால் முள் பழையபடி எழுந்து நிற்கும்.

முதலில் என்னிடம்தான் சொன்னான். அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தினைக் கள் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் சுபின் பங்கு ஒரு குவளையில் இருந்தது. "டீ வாங்கினா அவனுக்கும் ஒண்ணு வாங்கி பானெட் மேல வைக்கணுமில்ல மச்சான். வைக்கறேன். வச்சதும் சரியாயிடுது. பசியில நடுங்கறான். டீ குடிச்சா நிமிந்துடறான்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பையன் செத்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. அவன் குவளையை நிரப்பிக் கொடுத்தேன்.

வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்கும் விஷயம் தெரிந்தது, டீ விஷயம் அல்ல, முள் ஆடும் விஷயம். ங்கவாங் ஷெர்பா என்று ஒருவன், சாயிலாவின் வாயில் அதிகம் அடிபட்டவன், "அண்ணே, முள்ளு குளிர்லதான் நடுங்குது, ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடுங்க" என்றான். வேறு ஒருவன் டீசல் எஞ்சின் இருக்கிற இடம் சொன்னான். வேறு சமயமாக இருந்தால் சாயிலா அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். இப்போது சும்மா சிரித்தான். அது எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது.

ஆனாலும் வண்டிக்காரன் புத்தி விடவில்லை. டேக் பகதூர் பிரதானிடம் கொண்டுபோனான். பிரதான் எங்கள் ஊரின் மூத்த மோட்டார் மிஸ்திரி. அவர் குச்சியை இழுத்து எண்ணெய் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று தன்னுடைய மீட்டரை மாட்டிப் பார்த்தார், அதிலும் முள் ஆடியது. கெட்டியான எண்ணெய் ஊற்றினார். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஸ்பிரிங்கை மாற்றினார். மேலே போனதும் முள் மறுபடியும் விழுந்தது. எஞ்சின் சூடானால் விழுகிறது, அப்படியென்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினையே கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். காலிபோக்ரியில் எழுந்து நிற்கிறதே, அதை சாயிலா அவரிடம் சொல்லவில்லை. மறைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மிஸ்திரிக்கே பிடிபடவில்லை என்ற சந்தோஷத்தோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

சிர்ஜனா சுர்பி என்கிற காய்ந்த பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் எடுத்துக்கொண்டு மேலே உள்ள விடுதிகளுக்கு விற்கப் போவாள். மாமனாரின் வண்டியில் முன்சீட்டில்தான் போவாள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"சித்தப்பா, இன்னைக்கு முள்ளு தரையில படுத்துடுச்சு. எஞ்சினுக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தம். பின்னாடி ஏழு பேரு உக்காந்திருக்காங்க, ஒரு கைக்குழந்தை. மாமா முள்ளைப் பாத்து, இரு ராஜா, இதோ வந்துட்டோம்னு பேசிக்கிட்டே ஓட்டறாரு. மாமா வண்டி ஓட்டல சித்தப்பா. அவரைத் தூக்கிக்கிட்டு அலையறாரு."

புருஷனைப் பேர் சொல்லாமல் அவர் என்றுதான் சொல்வாள். எஞ்சின் இறுகிவிட்டால் அந்தச் செங்குத்தில் வண்டி எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுடைய அண்ணன்கள் கேவாவை முடித்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினாள்.

இரண்டு பேரும் பிரதானிடம் போனோம். டீயைப் பற்றி அவள் சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"டீ குடிக்கற நேரத்துல எஞ்சின் ஆறிடுதா?"

"எங்க ஆறுது பெரியப்பா. பானெட்டைத் தொட முடியாது. ரெண்டு வாய் குடிச்சிட்டுக் கிளம்பிடுவோம்."

"அப்ப பேரிங் இல்ல." கன்னத்தைச் சொறிந்தார். பேரிங் தேய்ந்திருந்தால் சூடு ஆறும்வரை முள் எழவே எழாது, இது சூட்டிலேயே எழுகிறது என்றார். சேம்பருக்குள் எண்ணெயை உறிஞ்சும் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போது பம்பு வேகமாக உறிஞ்சும். அப்போது எண்ணெயில் கிடக்கிற ஏதோ ஒன்று போய்ச் சல்லடையில் அப்பிக்கொள்கிறது. எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கும், அது கழன்று விழும். "டீ வடிகட்டியில இலை அடைக்கற மாதிரிதான். தட்டினா விழுந்துடும்ல? சேம்பரைக் கழட்டினா தெரிஞ்சுடும். அரை நாள் வேலை. உங்க சாயிலாவை ஒத்துக்க வைங்க, அதுதான் அரை வருஷ வேலை."

சாயிலா ஒத்துக்கொள்ளவில்லை. என் வண்டியின் வயிற்றைக் கிழிக்க நீ யார் என்று என்னைக் கேட்டான். பெண்ணை அழைத்துக்கொண்டு போகத்தான் அவள் அண்ணன்மாரும் நீயும் சேர்ந்து இந்தக் கதை கட்டுகிறீர்கள் என்றான். அடுப்பில் கிடந்த கட்டையை எடுத்துத் தரையில் எறிந்தான். சிர்ஜனா அந்தக் கட்டையைப் பொறுக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள்.

"மாமா, நானும் அவருதான்னு நெனச்சுத்தான் தினம் முன்சீட்டுல உக்காந்து வரேன். நீங்க மட்டும் இல்ல. ஒரே ஒரு நாள் டீ வைக்காம நிறுத்திப் பாருங்க. முள்ளு எழலேன்னா, நான் இங்கயே இருந்துடறேன். கேவா பேச்சை யாரும் எடுக்க மாட்டாங்க. எழுந்துட்டா, சேம்பரைக் கழட்ட விடுங்க."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை சிர்ஜனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சவாரி இல்லாத ஒருநாள் இரண்டு பேரும் வெறும் வண்டியில் போனார்கள். கைரிபாஸ் தாண்டி, காலிபோக்ரிக்குக் கீழே, ஏற்றத்தின் நடுவில் முள் சரிய ஆரம்பித்தது. அவன் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான், சக்கரத்துக்குக் கல் கொடுத்தான், எஞ்சினை நிறுத்தினான். அங்கே கடை இல்லை, வீடு இல்லை. மூங்கில் புதரும் மேகமும்தான். டீ குடிக்கிற நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்றாம், பீடி எடுக்க. பற்றவைத்தால் பையனுக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, எடுக்கவில்லை.

பிறகு சாவியைத் திருப்பினான். எஞ்சின் எடுத்தது. முள் நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

சிர்ஜனா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தபடி இருந்தாள். "குடிக்காமயே எழுந்துட்டான்" என்று அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. வளைவுவரை பின்னாலேயே இறக்கி, அங்கே திருப்பி, நேராகப் பிரதான் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

"கழட்டுங்க" என்றான் சாயிலா.

எண்ணெயை வடித்தபிறகு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். ஆனால் சேம்பர் கழலவில்லை, பசை அப்படிப் பிடித்திருந்தது. பிரதான் உளியை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தார். உள்ளே சல்லடை தெரிந்தது. அதன் வாயில் பாதியை மூடிக்கொண்டு சிவப்பாக, புழுப் புழுவாக, செதில் செதிலாகக் காய்ந்த பசைத் துண்டுகள். விளிம்பில் போட்ட பசையில் மிச்சம் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து எண்ணெயில் விழுந்திருக்கிறது. பெரிதாக ஒரு துண்டு, கட்டை விரல் அகலம். பிரதான் அதை எடுத்துப் பெட்ரோலில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு சாயிலாவிடம் நீட்டினார்.

அதில் ரேகை இருந்தது. பசையை இழுத்துவிட்ட கட்டை விரலின் ரேகை, சுழி சுழியாக, நேற்று வைத்த மாதிரி.

"பையன் மேல தப்புச் சொல்லாதே சாயிலா" என்றார் பிரதான். "வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். ஒழுகிடக் கூடாதேன்னு பயந்து கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டான்."

சாயிலா அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்தான். எதற்கு என்று எனக்குப் புரிந்தது, அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

"ஒழுகலையே" என்றான். "ஒரு சொட்டுகூட ஒழுகலையேடா."

பையனை எரித்த அன்றுகூட அவன் அழவில்லை. இப்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அந்தப் பக்கமாக வந்த ங்கவாங் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தவன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றுவிட்டான்.

பிரதான் சல்லடையைத் துடைத்துச் சுத்தம் செய்தார். பேரிங்கில் ஒன்றில்தான் கொஞ்சம் கீறல் விழுந்திருந்தது, அதை மாற்றினார். காலண்டர் அட்டையை வெட்டி, பசை இல்லாமல், பழைய வழக்கப்படி சேம்பரை மாட்டினார். அது கசியும் என்றார். கசியட்டும் என்றான் சாயிலா. அதிலிருந்து அவன் வண்டி நின்ற இடத்திலும் ஒரு பொட்டு விழும். அவன் துடைப்பதில்லை. யாரும் அதைப்பற்றிப் பேசியதும் இல்லை.

மறுநாளே லாமா வீட்டுக்குப் போய் நாள் குறிக்கச் சொன்னான்.

கேவா நன்றாகவே நடந்தது. இரண்டு வீட்டுச் சொந்தமும் வந்திருந்தது. ரிம்பிக்கிலிருந்து என் சித்தி பேரன்கள், நேபாளப் பக்கமிருந்து சாயிலாவின் மூத்த அண்ணன் குடும்பம், சிர்ஜனாவின் அண்ணன்மார், யாரையும் விடவில்லை. வழக்கப்படி மூங்கிலை நட்டு, அதற்குச் சுபினின் சட்டை, கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டி, அவனாகவே நிற்கவைத்தோம். ஒவ்வொருவரும் கடைசிப் பங்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். வைத்துவிட்டுத் திட்டினவர்களும் உண்டு. "எனக்கு முன்னாடி போக உனக்கு யாருடா முறை கொடுத்தா?" என்றாள் ஒரு கிழவி. சாயிலா இறைச்சி வைத்தான், தன் தட்டிலிருந்து எடுத்து.

லாமா மந்திரம் சொல்லி வழி காட்டினார். அவன் பேர் எழுதிய தாளை விளக்கில் கொளுத்தினார். வேறு ஏதாவது அவனுடையது இருக்கிறதா என்று கேட்டார். சாயிலா சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துத் தானே நெருப்பில் போட்டான். தூபப் புகையோடு ரப்பர் நாற்றம் வந்தது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

பிறகு உடுப்புகளைக் கழற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வெறும் மூங்கில் நின்றது. அதைப் பிடுங்கி எறிவது பங்காளி வீட்டு மருமகன்மாரின் வேலை. அவர்கள் வந்து பிடித்து இழுத்தபோது மூங்கில் வரவில்லை. சாயிலா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். விடு மச்சான் என்று நான் சொன்னேன். கேட்ட மாதிரி தலையை ஆட்டினான், கை விடவில்லை. லாமா மந்திரத்தை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தார்.

சிர்ஜனாதான் போனாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூங்கிலிலிருந்து எடுத்துவிட்டாள்.